ஊற்றடியில் ஒரு மண்டபம்

"ஒரு குடம் தண்ணிக்கு இப்படித் தவம் கிடக்கணுமா தாயே? வெயில் மண்டையைப் பிளக்குது."

கேட்டவர் தணிகாசலம். கட்டட இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பூங்காவனத்தம்மாளின் சீடர்களிலேயே மூத்தவர். குருவைவிடவும் மூத்தவர்.

"கிடங்களேன் ஐயா. தவம் பண்ணத்தானே வந்தீங்க?" என்றார் அம்மாள்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆசிரமத்தை ஒட்டிய அந்த ஆற்றில் மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல். ஆசிரமத்துக் கிணறு ஒரே உப்பு. ஆனால் ஆற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் போதும், ஊற்று சுரக்கும். முதலில் கலங்கலாக வரும். அதை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிகிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊருக்கும் ஆசிரமத்துக்கும் குடிக்க அது ஒன்றுதான்.

அந்தக் காத்திருப்பில்தான் அங்கே எல்லாமே நடந்தது. குருவிடம் கேள்வி கேட்டார்கள். மல்லுக்கட்டினார்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போனவரும் குடத்தை எடுக்கத் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? வந்தால் மறுபடி வாதம்.

விடிகாலையில் உள்ளங்காலில் ஏறும் அந்த ஈர மணலின் குளிர்ச்சி! சிரட்டையில் மொண்டு குடிக்கிற முதல் வாய்! இன்றைக்கு எந்தப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்களாம் அதை?

தணிகாசலம் விடவில்லை.

"வர்றவங்க நிழல்ல உட்கார ஒரு மண்டபம் கட்டித் தரேன். என் கையால கட்டுற கடைசிக் கட்டடம் தாயே. வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

"மணலுக்கு எங்கே போவீங்க?"

"எதிர்லயே கிடக்குதே!"

"வெள்ளம் திரும்பக் கொண்டுவந்து போடுற அளவுக்கு எடுங்க. அதுக்கு மேல ஒரு கூடைகூட வேண்டாம்."

"ஆத்துல மணலுக்கா பஞ்சம்?"

"பஞ்சம் வந்தப்புறம் பேசறதுக்கு எதுவும் இருக்காது ஐயா. அதான் இப்பவே பேசறேன்."

முதல் வருஷம் மாட்டு வண்டியில் எடுத்தார். அடித்தளம் எழுந்தது. ஐப்பசி வெள்ளம் வந்து போன பிறகு பார்த்தால், எடுத்த இடமே தெரியவில்லை.

"பார்த்தீங்களா? ஆறே அள்ளிக் கொடுக்குது!" என்று எல்லோரிடமும் சொன்னார்.

அம்மாள் வடக்கே யாத்திரை கிளம்பினார்.

அவர் போன பிறகு மண்டபம் நீண்டது. பக்கத்தில் சமையற்கூடம் வந்தது. மாடியில் தங்கும் அறைகள் வந்தன. மாட்டு வண்டி போய் லாரி வந்தது. ஊர்ப் பெண்கள் ஊற்றுத் தேடி ஆற்றில் மேலே மேலே நடந்தார்கள். தணிகாசலத்துக்கு அது தெரியவில்லை. வேலைக்கு டேங்கர். குடிக்க கேன்.

திறப்பு விழாவுக்கு அம்மாள் வந்து சேர்ந்தார். ஊரே திரண்டிருந்தது.

"லாரித் தடம் பார்த்தேன் ஐயா. நடுவுல வெள்ளம் வந்துச்சா?"

"இன்னும் இல்லை தாயே. வரப்போற வெள்ளத்து மணலை முன்கூட்டியே எடுத்துக்கிட்டேன். வந்ததும் ரொம்பிடும்."

"வெள்ளத்துக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

தணிகாசலம் சிரித்து மழுப்பினார்.

"சரி. இத்தனை பேர் வந்திருக்காங்க. ஊத்துத் தண்ணியில பாயசம் வைப்போம். கொண்டு வாங்க."

கடைசிக் கட்டடம் அல்லவா? வேறு யாரிடமும் குடத்தைக் கொடுக்க அவருக்கு மனசில்லை. தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

வழக்கமான இடத்தில் தோண்டினார். முழங்கை ஆழம் போனது. இடுப்பளவு போனது. பத்தடி தள்ளித் தோண்டினார். இன்னும் தள்ளி. கலங்கல்கூட வரவில்லை. கரையில் கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது.

திரும்பி வந்தபோது குடம் காலி. முழங்கை வரை களிமண்.

"எங்கே ஐயா தண்ணி?"

"சுரக்கலை தாயே." குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். "வெறும் களிதான் இருக்கு. மணல் இருந்தாத்தானே ஊத்து…"

அம்மாள் எழுந்தார். புதிதாக வெள்ளையடித்த சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"மணல் எங்கேயும் போயிடலை ஐயா. அவ்வளவும் இங்கேதான் இருக்கு."

விலகி வழிவிட்டார்.

"தோண்டுங்க."