சடையனின் விருந்து மாதம்

ஒரு காட்டில், மரங்களும் புதர்களும் போதாதென்று, நடுவில் ஒரு பட்டணமும் இருந்தது. காட்டுக்குள் பட்டணமா என்று கேட்காதீர்கள். விலங்குகளுக்கும் கல்யாண மண்டபம் வேண்டியிருக்கிறது.

அந்தப் பட்டணத்தில் சடையன் என்றொரு கரடி இருந்தான். தனிக்கட்டை. நல்ல சாப்பாடு என்றால் போதும், மற்றதெல்லாம் அவனுக்கு மறந்துவிடும். குழம்பை முகர்ந்து பார்த்தே, அது எந்த மரத்துப் புளி என்று சொல்லிவிடுவான்.

வைகாசி பிறந்தால் சடையனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மான் வீட்டில் கல்யாணம் முடிந்தால் குரங்குகள் புதுவீடு புகுவார்கள். முயல் வீட்டில் வளைகாப்பு. அது முடிவதற்குள் அடுத்த முயல் வீட்டில் வளைகாப்பு. சடையன் ஒன்றையும் விடமாட்டான். அழைப்பு வந்ததும், "சமையல் யார்?" என்று கேட்பான். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டதில்லை.

யானைத் தலைவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. தலைவரே வாசலுக்கு வந்து தும்பிக்கை தூக்கி வரவேற்றார்.

"வாருங்கள் தம்பி. தாலி கட்டுகிற நேரம். மேடைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்."

"பந்தி எந்தப் பக்கம்?" என்றான் சடையன்.

தலைவர் தும்பிக்கையால் வழி காட்டினார். உள்ளே மேளம் கொட்டியபோது சடையன் இரண்டாவது தடவை கரையான் பொரியல் வாங்கிக்கொண்டிருந்தான்.

மயில் மகளின் நடன அரங்கேற்றத்திலும் இப்படித்தான். அவள் ஆடி முடித்து ஊரே எழுந்து நின்றபோது, சடையன் பின்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு இலுப்பைப்பூ பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணோரம் கொஞ்சம் ஈரமாகக்கூட இருந்தது.

வைகாசி முடிந்தது. ஆனிக் காற்று அடித்தது. மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. சடையன் தன் குகையில் ஒரு கிழங்கைச் சுட்டு, தோலை உரித்து, தனியாகத் தின்றான். நன்றாகத்தான் வெந்திருந்தது. அப்படி வெந்திருந்ததைச் சொல்லத்தான் எதிரில் யாரும் இல்லை. பாதிக் கிழங்கை வைத்துவிட்டுக் கல்யாணத் தரகர் மைனாவைத் தேடிப் போனான்.

"போன மாதம் குடித்த பாயசத்தில் எல்லாம் ஒரே கைப்பக்குவம் தெரிந்தது," என்றான். "இலுப்பைப்பூவை வதக்கிப் போடுகிற கை. அது யார்?"

"தெற்கு மேட்டுக் கரடியின் மகள் கார்குழலி," என்றாள் மைனா. "விசேஷ வீடுகளில் பாயசம் அவள் பொறுப்புதான்."

"கல்யாணம் ஆகிவிட்டதா?"

"இல்லை."

"பேசிப் பார்," என்றான் சடையன். சொல்லும்போதே அவனுக்குக் காது சூடாயிற்று.

குறித்த நாளில் சடையன் ஆற்றில் குளித்து, உடம்பு முடியெல்லாம் வாரிக்கொண்டு, ஒரு தேனடையைத் தேக்கிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு கிளம்பினான். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். மைனா அவன் தோளில் உட்கார்ந்து வந்தாள்.

கார்குழலியின் அப்பா பாய் விரித்து உட்கார வைத்தார். சிறிது நேரத்தில் கார்குழலி பாயசக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். சடையன் கிண்ணத்தைப் பார்த்தான். பூ நன்றாக வதங்கியிருந்தது.

"ஒன்று கேட்கலாமா?" என்றாள் அவள். "யானை வீட்டுப் பாயசம் எப்படி இருந்தது?"

சடையனுக்குத் தெம்பு வந்தது. "வெல்லம் ஒரு பிடி கூடிவிட்டது. ஏலக்காய் அதைச் சமாளித்துவிட்டது."

"சரிதான், கூடித்தான் போயிற்று. உங்களுக்கு அதைப் பரிமாறியது யார்?"

சடையன் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான்.

"பித்தளைக் கரண்டி," என்றான்.

மைனா வேறு பக்கம் பார்த்தாள்.

"நான்தான் பரிமாறினேன்," என்றாள் கார்குழலி. "மான் வீட்டிலும் நான்தான். மயில் வீட்டில் உங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். குரங்கு வீட்டில் பாயசம் கொஞ்சம் தாமதமாக வந்ததே, நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது. கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது."

"அன்று காலையில் அண்டா சரிந்து, கொதிக்கிற பாகு என் வலது கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டு வரை வாழையிலை சுற்றிக் கட்டியிருந்தேன். நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் அந்தக் கையால்தான் ஊற்றினேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. அடுப்பில் என்ன இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

சடையன் அப்போதுதான் நிமிர்ந்தான். அவள் வலது மணிக்கட்டில் முடி முளைக்காமல் தோல் சிவந்திருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தான். நல்ல முகம். வரும் வழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டதில் ஒரு வார்த்தைகூட அவனுக்கு இப்போது நினைவு வரவில்லை.

"இனிமேல் பார்க்கிறேன்," என்றான் மெல்ல.

"பாருங்கள். அடுத்த வைகாசியில் யார் பரிமாறினாலும் பாருங்கள்," என்றாள் அவள். "எனக்கு அப்பா வேறு இடம் பார்ப்பார். பாயசம் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

"அவள் சொன்னால் சொன்னதுதான், தம்பி," என்றார் அப்பா. அவன் கொண்டுவந்த தேனடையை எடுத்து, இலையைப் பிரிக்காமல் அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

சடையன் கிண்ணத்தைத் தொடாமல் எழுந்து, மேட்டிலிருந்து மெதுவாக இறங்கி நடந்தான். வீணாகக் கூடாது என்று மைனா அந்தப் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு அவன் பின்னால் பறந்து போனாள்.

நீதி: விருந்தில் இலையை மட்டும் பார்ப்பவன், பரிமாறியவரை இழப்பான்.