ஆடி மாதத்தில் காலி செய்யச் சொன்ன கதை

வெண்ணிநாடு என்றொரு நாடு இருந்த காலத்தில், அதைக் கோதண்ட பூபதி என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாகக் காதைக் கடித்தவர் சொன்னதுதான் அவருக்குச் சட்டம்.

ஓர் ஆடி மாதம், அரசவைப் பிரபு கனகசபாபதி அந்தக் காதைக் கடித்துவிட்டார். "வாடகை பாக்கி வைத்தவன் பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்" என்று கட்டளை பிறந்துவிட்டது.

முதலில் மாட்டியவர், பிரபுவின் வீட்டில் குடியிருந்த தவில்காரர் பக்கிரி. அவரைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மனைவி செண்பகம் நிறைமாதக்காரி. இந்த மழையில் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவார், பாவம்!

"ஆடியிலே கல்யாணமே இல்லைங்க மகாராஜா. தவிலுக்குப் பசிக்காது, எனக்குப் பசிக்குது. ஆவணி பொறந்ததும் கொடுத்துடறேன்."

"ஆடியாவது ஆவணியாவது! கட்டளைக்கு மாதம் ஏது?" என்றார் கனகசபாபதி, மந்திரி சூரியநாதரை ஓரக்கண்ணால் பார்த்து. மந்திரி மேல் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

மந்திரி பலமாகத் தலையாட்டினார். "பிரபு சொல்வதே சரி. மாதம் பார்க்கக் கூடாது."

பக்கிரி மந்திரியை ஏறிட்டுப் பார்த்தார். இவருமா?

"அப்படியே," என்று தொடர்ந்தார் மந்திரி, "அரசர் தங்களுக்குக் கொடுத்த புது மாளிகை பூட்டிக் கிடக்கிறதே பிரபு! இன்று மாலையே குடிபோய்விடுங்கள். அரசரும் வந்து பால் காய்ச்சுவதைப் பார்க்கட்டும்."

"ஐயையோ!" என்று பதறினார் கனகசபாபதி. "ஆடியில் யாராவது குடிபோவார்களா? குடும்பம் விளங்குமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை கொல்லென்று சிரித்தது.

"அப்படியானால் பக்கிரிக்கு இந்த மாதத்தில் யார் வீடு கொடுப்பார்கள்?" என்றார் மந்திரி மெதுவாக.

ராஜாவின் முகம் சிவந்தது. "தப்பு என்னுடையது! இனி வாய்தா கொடுக்காமல், குடியிருப்பவர் சொல்வதைக் கேட்காமல், யாரையும் வெளியே தள்ளக் கூடாது. பக்கிரி, ஆவணியில் முதல் கல்யாணம் யார் வீட்டில்?"

பக்கிரி நெளிந்தார். "பிரபு வீட்டிலேதாங்க, அவர் மகளுக்கு. 'எங்க வீட்டிலே குடியிருக்கிறவன்தானே, சும்மா வாசி'ன்னு சொல்லியிருக்காரு."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் பட்டுச் சால்வையை மந்திரிக்குப் போர்த்திவிட்டு, "பிரபு, மேளக்கூலியை என் கண்முன்னால் கொடுக்கிறீர்!" என்றார்.

ஆவணியில் கனகசபாபதி கூலியைக் கொடுத்தார். பக்கிரி அதைக் கண்ணில் ஒற்றி, வாடகை என்று அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தவிலை மாட்டிக்கொண்டார். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது பிரபுவே "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று பக்கிரியைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகக் கத்தினார். அன்றைக்குப் பக்கிரி தவிலை வெளுத்து வாங்கிவிட்டார். பந்தலின் ஓரத்தில் செண்பகத்தின் மடியில் கிடந்த பச்சைக்குழந்தை மட்டும், அப்பாவின் சத்தம்தானே என்று அசையாமல் தூங்கியது.