கறுப்புத் துணிக்குள் நீந்தியவை

மகனைக் கடல் கொண்டுபோன பிறகு இன்பநாதன் செய்த முதல் காரியம், கடலைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் பலகை வைத்து ஆணி அடித்ததுதான். மனைவி ஜெசிந்தாவின் கண்ணில் அந்தத் தண்ணீர் படவே கூடாது. பாவம், பாசத்தில்தான் செய்தார். தினமும் காலையில் அவள் ஒரே ஒரு தடவை, "ஜன்னலைத் திறங்களேன்" என்பாள். அவர் காதில் விழாததுபோல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போவது கடலோரத்து ஆய்வுக்கூடத்துக்கு. கல்லூரி வேலையை விட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர் அவர். வழிகாட்டி லூர்தம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி.

"அழவே மாட்டேங்கிறா மேடம். சமைக்கிறா, பெருக்குறா, பேசினா சிரிக்கிறா. எல்லாம் பழையபடி. ஜன்னலைத் திறக்கச் சொல்றது மட்டும்தான் நிக்கல. இன்னும் எத்தனை நாள் ஆணி அடிச்சு மூடி வைக்கணும்?"

லூர்தம்மாள் தொட்டியிலிருந்து, பந்துபோல் உருண்டு முள் மூடிய ஒரு கடல் முள்ளெலியை எடுத்தார். அதன் உடலில் ஊசியால் உப்புக் கரைசலை ஏற்றி, ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்து வைத்தார். முட்டைகள் மெல்லிய மணலாக இறங்கின. ஆண் முள்ளெலியின் விந்தைக் கலந்து, கிண்ணத்தைப் புற ஊதா விளக்குக்குக் கீழே தள்ளினார்.

"இந்த விளக்கு என்ன செய்யும்?" என்று அவரைக் கேட்டார்.

"உள்ள இருக்கிற டி.என்.ஏ. இழையைச் சுடும். பக்கத்துப் பக்கத்து எழுத்துங்க தப்பா ஒட்டிக்கும்."

"சரி. ரெண்டு கிண்ணமாப் பிரிக்கிறேன். பாதி உங்க பொறுப்பு. பாதி என் பொறுப்பு. காப்பாத்துங்க."

இன்பநாதன் தன் கிண்ணத்தைக் கறுப்புத் துணியால் சுற்றினார். போதாதென்று இன்னொரு சுற்றும் சுற்றினார். லூர்தம்மாளோ தன் கிண்ணத்தைக் கண்ணாடி ஜன்னல் ஓரம், பட்டப்பகல் வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் போனார். இன்பநாதனுக்குக் கோபமே வந்தது.

"வெளிச்சம் சுட்டதைத் திரும்ப வெளிச்சத்துலயே வைக்கிறீங்களே மேடம்!"

லூர்தம்மாள் அடுத்த தொட்டிக்குத் தண்ணீர் மாற்றப் போய்விட்டார்.

சாயங்காலம் துணியை விலக்கி, மங்கலான சிவப்பு விளக்கில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தார். அவருடைய முட்டைகள் கருவாகி நீந்திக்கொண்டிருந்தன. கண்ணாடி உருண்டைகள், சத்தமில்லாமல் சுழன்றுகொண்டே. லூர்தம்மாளுடையவையும் அப்படித்தான். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மறுநாள் காலை வீட்டில் சத்தமே இல்லை. ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள். வாசல்வரை வந்து சிரித்தாள். நிம்மதியாகக் கிளம்பி வந்தார்.

முதலில் லூர்தம்மாளின் கிண்ணத்தைப் பார்த்தார். ஒவ்வொரு உருண்டையும் ஒரு பக்கம் உள்ளே குழிந்து, குடல் வைக்கத் தொடங்கியிருந்தது. பிறகு தன்னுடையதைப் பார்த்தார். நேற்றைய அதே உருண்டைகள். குழியவில்லை, வளரவில்லை, சுழன்றுகொண்டு மட்டும் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நின்றது. பக்கத்தில் இன்னொன்று. நின்றவை ஓசையில்லாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தன. அவர் லூர்தம்மாளைக் கூப்பிட்டார்.

"நேத்து நல்லா நீந்துச்சே மேடம்!"

"தாய் முட்டைக்குள்ள கட்டிக் கொடுத்த சோத்துல நீந்துச்சு. அது இருக்கிற வரைக்கும் எல்லாம் பழையபடி நடக்கும். அப்புறம் சொந்த இழையைப் படிச்சாகணும். படிக்க முடியல."

"உங்களோடதும் அதே விளக்குல சுட்டதுதானே?"

"ஒட்டினதைப் பிரிச்சுவிடுற நொதி உங்க முட்டையிலயும் இருந்துச்சு. சாதாரண வெளிச்சம் பட்டாத்தான் அது வேலை செய்யும்."

இன்பநாதன் கையிலிருந்த கறுப்புத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்குக் காலையில உங்க வீட்டம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னாங்களா?"

அவர் வாயைத் திறந்தார். வாசல்வரை வந்தது நினைவில் இருந்தது. சிரித்தது நினைவில் இருந்தது. டப்பாவின் சூடு இன்னும் கையில் இருந்தது.

"கேக்கல மேடம்."

லூர்தம்மாள் இழுப்பறையைத் திறந்து, ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"நிக்காதீங்க. ஓடுங்க."