பின்சீட்டின் ஃபுட்ரெஸ்ட்

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் செயராக்கினி. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் தகரக் கூரை போட்ட பைக் பட்டறை அவளுடையது. சீடருக்கு அறுபத்தொன்று. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற தொபியாஸ் சார். செயராக்கினிக்கும் பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்தவர் அவர்தான். இப்போது பெஞ்சு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

சாருடைய மனைவி லெயோனி எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு மணப்பாட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வாசலில் நின்று, "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான்தான்..." என்று ஆரம்பித்தாள். முடிக்காமலே பஸ் ஏறிவிட்டாள்.

முடிக்காத அந்தப் பேச்சின் மிச்சம் என்னவென்று சாருக்குப் பிடிபடவே இல்லை. அடித்தாரா, இல்லை. குடித்தாரா, அதுவும் இல்லை. அவள் வைத்த குழம்பில் உப்பைத் திருத்தினார், அவள் எழுதிய கடிதத்தில் பிழையைத் திருத்தினார், அவள் கதவைச் சாத்தும் விதத்தைத் திருத்தினார். எல்லாம் நல்லதுக்குத்தானே என்று நினைத்தார். இப்போது காலையில் இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறார். வண்டியில் போனால் வளைவில் "மெதுவா" என்று சொல்ல ஆள் இல்லை. அந்த ஒரு சொல்லுக்கு அவர் ஏங்கிப்போனார்.

வீட்டில் இருக்க முடியாமல்தான் பட்டறைக்கு வரத் தொடங்கினார். தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுத்தரச் சொன்னார். செயராக்கினி ஒரு பழைய துணியைக் கையில் கொடுத்து, முதலில் துடைக்கச் சொன்னாள். இரண்டு மாதம் துடைத்தார்.

அந்தப் புதன்கிழமை சார் வேகமாக வந்தார். வருகிற ஞாயிறு மணப்பாட்டுக்கு வரட்டுமா என்று போனில் கேட்டிருக்கிறார். வாங்க, பார்ப்போம் என்று லெயோனி சொல்லியிருக்கிறாள். கூட வருவேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பின்சீட்டின் இடது ஃபுட்ரெஸ்ட் ஆடுகிறது, அதை மட்டும் சரிசெய்துவிட்டால் போதும் என்றார். ஆடுகிறது என்று லெயோனி போன வருடமே சொன்னாளாம். சொல்லும்போதெல்லாம் அவர் ஸ்பேனரை எடுத்து இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு, "இப்ப ஆடாது, ஏறு" என்பாராம்.

"எவ்வளவு இறுக்கினா இது ஆடாது ராக்கினி?"

குரு ஃபுட்ரெஸ்டை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாள். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்து, "கழட்டுங்க" என்றாள்.

இரண்டு போல்ட். ஒன்று விரலாலேயே வந்துவிட்டது. மற்றது அசையவில்லை. சார் ஸ்பேனரில் குழாயைச் சொருகி மிதிக்கப் போனார். செயராக்கினி குழாயைப் பிடுங்கிக்கொண்டு, போல்ட்டின் தலையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, நாளைக்கு வரச் சொன்னாள். வியாழனும் எண்ணெய், வெள்ளியும் எண்ணெய். ஞாயிறு நெருங்க நெருங்க சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை அவள் போல்ட் இறங்கியிருந்த அலுமினியச் சட்டத்தைச் சுற்றி இதமாகச் சூடு காட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, அரை மணி நேரத்தில் போல்ட்டை வெளியே எடுத்தாள்.

அது எவர்சில்வர் போல்ட். பழசு மங்கிப்போயிருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை என்று சாரே வாங்கி மாட்டியது. செயராக்கினி அதைத் துடைத்தாள். புதுசாகப் பளபளத்தது. பிறகு சாருடைய உள்ளங்கையை அது இருந்த ஓட்டைக்குக் கீழே பிடித்துத் தட்டினாள். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. உள்ளே போல்ட்டைப் பிடிக்கும் மரை என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை.

"பாத்தீங்களா சார், போல்ட்டுக்கு ஒண்ணும் ஆகல."

சார் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதம் தேடிய அந்தப் பேச்சின் மிச்சம் கையில் இருந்தது. கடற்கரைக் காற்று அதில் கொஞ்சத்தைக் கொண்டுபோனது. அவர் விரல்களை மூடிக்கொண்டார்.

"உப்புக் காத்து, ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல ஒண்ணும் கிடையாது. முப்பது வருஷம் இதத்தான் நடத்தினேன். என் கண்ணுல எப்படிம்மா படாமப் போச்சு?" என்றார்.

"எலுமிச்சம்பழத்த வரிசையா வச்சு, செம்புத் தகடும் துத்தநாகத் தகடுமா சொருகி, விளக்கு எரிய வச்சுக் காட்டுனீங்க. ஞாபகம் இருக்கா? நாங்க எல்லாரும் கை தட்டுனோம். விளக்கத்தான் சார் பாத்தோம். எந்தத் தகடு கரையுதுன்னு யாரு பாத்தா?"

சார் மூடிய விரல்களைத் திறந்து பார்த்தார்.

அவள் இரண்டு ஓட்டைகளையும் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை வெட்டினாள். கொஞ்சம் பெரிய எவர்சில்வர் போல்ட்டுகளையே எடுத்தாள். மரையெங்கும் கிரீஸ் தடவி, உலோகத்தில் உலோகம் படாமல் தலைக்கடியில் மெல்லிசாக ஒரு நைலான் வாஷர் போட்டாள். மழை முடிந்ததும் வருடா வருடம் கழற்றித் துடைத்து, திரும்ப கிரீஸ் தடவ வேண்டும் என்றும் சொன்னாள். ஒரு தடவை தடவினால் போதாதா என்று சார் கேட்டார். போதாது என்றாள்.

கையால் திருகும் வரைக்கும் திருகிவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். சார் ஸ்பேனரை எடுத்தார். போல்ட்டின் தலையில் வைத்தார். அப்படியே நின்றார். பழகிய கை, ஆனால் அன்றைக்கு அதற்குத் தைரியம் இல்லை.

"எவ்வளவு இறுக்கணும் ராக்கினி?"

செயராக்கினி ஸ்பேனரை வாங்கித் துணியில் சுற்றி, வண்டியின் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"மணப்பாட்டுல போயி இறுக்குங்க சார். அவங்க கால் வச்சுப் பாத்துச் சொல்லுவாங்க. அவங்க போதும்னு சொன்னா, நிறுத்திருங்க."