கனத்துப் போன படகு

"என் படகு கனத்துப் போச்சு, வேதா. வேற ஒண்ணு சொல்லு."

வேதவல்லி நிமிரவில்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு பைபர் படகின் அடியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தண்ணிக்குண்ணே?"

"ஏரிக்கும் ஆகணும். முகத்துவாரம் தாண்டி குடாவுக்குள்ளயும் ஒரு எட்டுப் போய் வரணும். லேசா இருக்கணும். விலையும் என் கைக்கு அடங்கணும்."

"அவ்வளவுதானா? கூப்பிட்டாத் தானா வரணும்னும் சேர்த்துக்குங்க."

நெடுங்கழி ஊரில் படகு வாங்குகிற எவரும் முதலில் வந்து நிற்பது வேதவல்லியின் பட்டறையில்தான். ஓட்டை அடைப்பது அவள் தொழில். ஆனால் யாருக்கு எந்தப் படகு ஆகும் என்று அவளுக்குத் தெரியும் என்பார்கள். அவளுக்கு வயது நாற்பது. படகு கேட்டு வந்த தேசப்பனுக்கு அறுபத்திரண்டு. இருந்தும் அவர்தான் வந்து நின்றார்.

அவள் நேராகப் பதில் சொல்கிறவள் அல்ல. போன மாதம் ஒருவன் வந்து, பதினாலு அடி நல்லதா பதினெட்டு நல்லதா என்று கேட்டான்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அதை முதல்ல வாங்கு" என்று அனுப்பிவிட்டாள்.

பட்டறையில் விற்பனைக்கு மூன்று பழைய படகுகள் கிடந்தன. தேசப்பன் முதல் படகைத் தொட்டார்.

"அது தட்டை அடி. ஏரிக்கு நல்லது. குடாவுல அலை வந்தா, தாம்பாளத்துல வச்ச முட்டைதான்."

இரண்டாவதைத் தொட்டார்.

"கூர் அடி. அலையைக் கிழிக்கும். ஏரிக்கு வந்தா சேத்தைக் கிழிக்கும்."

மூன்றாவது சின்னது. ஒருவர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். ஒரு கையால் அதன் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். தூக்க வந்தது.

"இது போதும் எனக்கு."

வேதவல்லி இப்போதுதான் அவரைப் பார்த்தாள்.

"உங்க படகுக்கு என்ன வந்துச்சு?"

"சொன்னேனே. பைபருக்குள்ள இருக்கிற நுரை தண்ணி குடிச்சிருக்கு."

"எப்போலேர்ந்து?"

"தையிலேர்ந்து. கன்னியம்மா போன பிறகு."

கன்னியம்மா அவர் மனைவி. முப்பத்தொரு வருஷம் அந்தப் படகிலும் அதற்கு முந்தைய படகிலும் பின்பக்கம் உட்கார்ந்து வந்தவள். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

"கோடையில்ல? தண்ணி வத்தியிருக்கும்."

"போன கோடையிலயும் இதே முழங்கால் தண்ணிதான். அப்போ எண்ணெய் தடவின மாதிரிப் போச்சு. இப்போ ஒவ்வொரு சேத்துத் திட்டுலயும் குந்திக்குது. அடியில ஒட்டின சிப்பியெல்லாம் சுரண்டிப் பார்த்துட்டேன். நங்கூரக் கல்லைச் சின்னதா மாத்திட்டேன். எதுக்கும் மசியலை."

"அண்ணி படகுல என்ன செய்வாங்க?"

"என்ன செய்வா? சும்மா உட்கார்ந்திருப்பா. மீனைப் பொறுக்கிப் போடுவா. வாய் மட்டும் ஓயாது."

தேசப்பன் விரல் நீட்டினார்.

"இதைக் கேளு. இருந்தது ரெண்டு பேர். இப்போ ஒருத்தன். படகு லேசாகணுமா இல்லையா? கனத்துப் போச்சுன்னா என்ன அர்த்தம்? தண்ணி குடிச்சிருக்கு."

வேதவல்லி உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"நல்ல கணக்கு" என்றாள்.

"மதியம் அக்கரையிலேர்ந்து ஒரு பையன் வர்றான். போன மாசம்தான் கல்யாணம் ஆச்சாம். பொண்டாட்டியும் அவனும் தொழிலுக்குப் போகப் போறாங்களாம். அவனுக்கு என் படகைக் குடுத்துட்டு, உன்கிட்ட இந்தச் சின்னதை வாங்கிக்கிறேன்."

"கனத்துப் போச்சுன்னு அவன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

தேசப்பன் மணலைப் பார்த்தார்.

"இல்லேன்னா நான் தண்ணிக்குப் போறதையே விடணும். தனி ஆளா என்னால முடியலை. வீட்டுல உட்காரவும் முடியலை வேதா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

தேசப்பனின் படகு கரையில் கட்டிக் கிடந்தது. வேதவல்லி அதைச் சுற்றி வந்தாள். விரல் முட்டியால் அங்கங்கே தட்டினாள். வெண்கலச் செம்பைத் தட்டியது போலக் கேட்டது.

"தண்ணி குடிச்ச படகு இப்படிப் பேசாது."

"உள்ளுக்குள்ள இருக்கும்."

"ஏறுங்க. பார்த்துடுவோம்."

தேசப்பன் வழக்கம்போல முன்னால் ஏறி நின்று, நீளக் கழியை எடுத்துக்கொண்டார். வேதவல்லி பின்னால் ஏறினாள். உட்கார இடம் தேடினாள்.

"இங்க ஒரு பலகை இருந்துச்சே."

"கனம்னு கழட்டிட்டேன். யார் உட்காரப் போறா?"

அவள் படகின் அடியிலேயே குந்திக்கொண்டாள்.

கழியை ஊன்றித் தள்ளினார். கரை விலகியது. வெயில் தண்ணீரின் மேல் படிந்து கிடந்தது. இருநூறு அடி போயிருக்கும். முதல் சேற்றுத் திட்டு வந்தது. படகு உராய்ந்து நின்றது.

"பாரு! இதைத்தான் சொன்னேன்!"

கழியின் மேல் உடம்பைக் கொடுத்துச் சாய்ந்தார். பின்னால் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம். படகு மெல்ல அசைந்தது. அப்புறம் வழுக்கிக்கொண்டு திட்டைத் தாண்டியது.

அடுத்த திட்டையும் தாண்டியது.

மூன்றாவதில் நிற்கக்கூட இல்லை. தேசப்பனின் தோள்கள் விரிந்தன. கழி பழையபடி அவர் பேச்சைக் கேட்டது.

"வேதா! நீ உட்கார்ந்த ராசியைப் பாரு! பழைய மாதிரியே போகுது!"



திரும்பினார்.

படகில் வேறு யாரும் இல்லை. வேதவல்லி பின்னால் தொடை வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் படகின் மேல். முகமெல்லாம் சேறு.

"எதுக்கு இறங்கின?"

"இறங்காம எப்படிண்ணே போகும்?"

கழி அவர் கையில் அப்படியே நின்றது.

முப்பத்தொரு வருஷம் அவர் முன்னால் நின்றார். முன்னாலேயே பார்த்தார். பின்னால் தண்ணீரில் யாரோ இறங்குகிற சத்தம் தினமும் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து ஏறுகிற சத்தம் கேட்கும். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும்.

"நண்டு பார்க்கிறேன்னு இறங்குவா" என்றார்.

"கிடைச்சுதா?"

"ஒண்ணு கூடக் கிடைச்சதில்லை."

காற்று இல்லை. படகும் அசையவில்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு நண்டு பிடிக்கத் துப்பில்லாதவள்னு கரையில சொல்வேன். எல்லாரும் சிரிப்பாங்க."

"ஆமாண்ணே. சிரிச்சோம்."

தேசப்பன் அவளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"கரையில நின்னா படகோட பின்பக்கம்தானே தெரியும்."

"எல்லாருக்குமா?"

அவள் கரைப் பக்கம் பார்த்தாள்.

"ஒருத்தர் கூடச் சொல்லலையே."

"சொல்றவங்க உங்க வீட்டுப் படியேறக் கூடாதுன்னு அண்ணி சொல்லியிருந்தாங்க."

"ஏன்?"

வேதவல்லி முகத்துச் சேற்றைப் புறங்கையால் வழித்தாள்.

"தேசப்பன் மாதிரிக் கழி போட இந்த ஏரியில ஆளில்லைன்னு நீங்க சொல்வீங்க. அதைக் கேக்கிறப்போ அவங்க முகம் எப்படி இருக்கும்னு பார்த்ததில்லையாண்ணே?"

அவர் பார்த்ததில்லை.

கழியைப் படகுக்குள் படுக்க வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். சேறு முழங்காலைப் பிடித்து இழுத்தது. அடியில் உடைந்த சிப்பி ஒன்று உள்ளங்காலைக் கீறியது. அடுத்த அடியில் இன்னொன்று. கன்னியம்மாவின் பாதங்கள் முழுக்கக் கீறலாக இருக்கும். செருப்புப் போட்டு நடக்கத் தெரியாதா உனக்கு என்று எத்தனையோ முறை வைதிருக்கிறார்.

பின்பக்கம் வந்து சேர்ந்தார்.

"நீ ஏறு."

"நானும் தள்ளுறேண்ணே."

"ஏறும்மா."

ஏறினாள். முன்னால் போய்க் கழியை எடுத்துப் படகைக் கரைக்குத் திருப்பினாள். அவர் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார். படகு நகரவில்லை. மறுபடி தள்ளினார். ஒரு முழம் நகர்ந்தது.

"கனக்குதா?" என்றாள், திரும்பாமல்.

அவர் மூச்சு வாங்கினார்.

"இல்ல" என்றார்.

கரைக்கு வந்து சேர உச்சி வேளை ஆகிவிட்டது. அக்கரைப் பையன் வந்து காத்திருந்தான். அவனுக்கு இரண்டடி தள்ளி அவன் மனைவி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.

"பெரியவரே, படகு எப்படி? நல்லாப் போகுமா?"

"ஒத்தை ஆளுக்குப் போகாது" என்றார் தேசப்பன்.

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம்ல."

"அப்போ போகும்."

வேதவல்லி இறங்கி வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"உங்களுக்கு அந்தச் சின்னதை எடுத்து வைக்கவாண்ணே?"

அவர் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அதற்குள் ஒரு காலைப் படகின் முன்பக்கம் தூக்கி வைத்துவிட்டான். கழியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினான். மனைவி பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

"பின்னால போய் உட்காரு புள்ளே. ஒரு சுத்து காட்டுறேன்."

தேசப்பன் அவன் கையைப் பிடித்தார். சேறும் ரத்தமும் ஒழுகும் காலோடு நின்றபடி, கழியை அவனிடமிருந்து மெதுவாக வாங்கி, அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"அதுக்குக் கழி போடத் தெரியாதுங்களே" என்றான் பையன், சிரித்துக்கொண்டே.

"அந்தப் பொண்ணு போடட்டும் தம்பி" என்றார். "நீ பின்னால ஏறு."