ஒரு சொளகுத் தவிட்டுக்கு வந்த பேரு

சிரிங்கடா, வாய் வலிக்கச் சிரிங்க. தவிடன்னு ஒரு பேரா, மாட்டுக்கு வைக்கிற தவிடான்னு கேட்டுக் கேட்டு அலுக்கலையா உங்களுக்கு? டேய் தக்‌ஷித்து, நீ ரொம்பப் பல்லக் காட்டாத. உன் பேரு உங்கப்பன் வாய்லயே நுழையாம "ஏலே, இங்க வா"ன்னுதான் கூப்பிடுறாரு. நான் காலேஜ விட்டு நின்னதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. அட்டெண்டன்ஸ்ல என் பேரு வர்றப்ப நீங்க போட்ட ஊளையும் அதுல ஒண்ணு. போகட்டும். இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். சிரிக்க இடம் கெடச்சா சிரிச்சுக்கங்க.

அந்தக் காலத்துல, பறவையும் மனுசனும் ஒரே பேச்சுப் பேசித் திரிஞ்சப்ப, எமனுக்குக் கண்ணு கிடையாது. ஆளப் பாத்துத் தூக்க மாட்டான். பேரு தெரிஞ்சாத்தான் வருவான். அந்தப் பேரக் கொண்டுபோய்ச் சொல்ற வேலை கூகைக்கு. பொழுது சாயுறப்ப ஊர்ப் புளியமரத்துல வந்து உக்காரும். ஆத்தாமாரு பிள்ளைகளக் கூப்பிடுறதக் காது குடுத்துக் கேக்கும். எந்தப் பேரு காதுக்கு இனிப்பா இருக்கோ, அதக் கவ்விக்கிட்டுப் போயிரும். விடிஞ்சா அந்த வீட்டுல ஒப்பாரி.

ஒச்சம்மாவுக்கு அப்படி ரெண்டு போயிருச்சு. மூத்தவன் முத்துமாயன். அடுத்தவ பவளம். ரெண்டு பேரையும் வாய் நெறையக் கூப்பிட்டவ அவதான். மூணாவதா ஒரு பய பொறந்தான். அவனுக்குப் பேரே வைக்கல. ஆசையில வாய் தொறந்துச்சுன்னா முந்தானைய எடுத்து உள்ள திணிச்சுக்குவா.

கூகை பொறுத்துப் பொறுத்துப் பாத்துச்சு. ஒருநா சாயங்காலம் அவ கூரைக்கே வந்து உக்காந்துச்சு.

"ஆத்தா, பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"மடியில கெடக்கே, அதுக்குத்தான்."

"இதா? இது பிள்ளைன்னு உனக்கு யாரு சொன்னா? இது குப்பை."

சொன்னதோட நிக்கல. தூக்கிட்டுப் போயி, சாணியும் சாம்பலும் கொட்டுற குப்பைமேட்டுல பயலக் கெடத்திட்டா. வீல்னு கத்துனான். திரும்பிப் பாக்கல. பக்கத்து வீட்டு இருளாயியக் கூப்பிட்டா.

"மதினி, இந்தக் குப்பையத் தவிட்டுக்கு எடுத்துக்கிறீகளா?"

இருளாயி கூரையப் பாத்தா, ஒச்சம்மா மொகத்தப் பாத்தா. புரிஞ்சுபோச்சு. பொடைக்கிற சொளகு ஒண்ணு நெறையத் தவிட்டக் கொண்டாந்து வாசல்ல கொட்டிட்டு, பயல வாரி எடுத்துத் தன் வீட்டுக்குள்ள போயிட்டா.

"வித்தாச்சு. பாத்தேல்ல? கெளம்பு," அப்படின்னா ஒச்சம்மா.

"நீ சமத்துதான் ஆத்தா," அப்படின்னுச்சு கூகை. "ஆனா குப்பை, தவிடுன்னு போய்ச் சொன்னா எமன் என் நாக்க அறுத்துருவான். வெறும் வாயோட நான் போக முடியாது. நீயா ஒரு பேரு குடு. இல்லாட்டி இங்கயே உக்காந்திருப்பேன். என்னைக்காச்சும் ஒருநா உன் வாய்ல வரத்தான செய்யும்?"

அது நெசம்னு ஒச்சம்மாவுக்குத் தெரியும். பயலுக்கு அவ மனசுல ஒரு பேரு ஏற்கெனவே இருந்துச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்து வந்து போய்க்கிட்டிருந்துச்சு.

கொட்டிக் கெடந்த தவிட்டுல ஒரு சின்னப் புள்ள உக்காந்து சோறாக்கி வெளாண்டுக்கிட்டிருந்துச்சு. இருளாயி மக. ஒச்சம்மாவப் பாத்து, "அத்தே, இந்தா சோறு, திங்கிறியா?"ன்னு கை நெறையத் தவிட்ட நீட்டுச்சு.

ஒச்சம்மா வாங்கிக்கிட்டா. வாங்கிக்கிட்டுச் சொன்னா:

"செவ்வந்தி."

கூகை பறந்துருச்சு.

விடிஞ்சப்ப இருளாயி வீட்டுல ஒப்பாரி. போகாம இருக்க ஒச்சம்மாவால முடியல. போனா. செத்த மக பாயில கெடக்க, இருளாயி பக்கத்துல உக்காந்திருந்தா. மடியில அந்தப் பய பால் குடிச்சுக்கிட்டிருந்தான். பசிக்கு என்ன தெரியும்?

"மதினி, கூகையப் பாத்துட்டு நேத்து நான் எம்மகளப் பேரு சொல்லியே கூப்பிடலையே. பின்ன எப்படி அதுக்குத் தெரிஞ்சுச்சு?"

"நாந்தான் சொன்னேன்."

ஒப்பாரி நின்னுபோச்சு. கூரையில கூகை திரும்ப வந்து உக்காந்திருந்துச்சு. பய இருளாயி மடியில இருக்கான். ஒரே ஒரு நல்ல பேரு போதும். இருளாயி வாயத் தொறந்தா. ஒச்சம்மா கால்ல விழல, கெஞ்சல. கெஞ்ச அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கு?

இருளாயி பயலோட மொகத்த ரொம்ப நேரம் பாத்தா.

"தவிடா, குடிச்சது போதும்டா," அப்படின்னா. அப்புறம் தலைய நிமித்தாமச் சொன்னா: "வித்தது வித்ததுதான் ஒச்சம்மா. இவன் என்னையத்தான் ஆத்தான்னு கூப்பிடுவான். நீ வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிரு."

சேதி பரவுச்சு. ஊருப் பொம்பளைக எல்லாம் பிள்ளைகளக் குப்பைன்னும் பிச்சைன்னும் மண்ணாங்கட்டின்னும் கூப்பிட ஆரம்பிச்சாக. கூகையும் வேற வழியில்லாம அதையே கொண்டுபோய்ச் சொல்லுச்சு. எமன் நாக்க அறுத்துட்டான்.

ஒரு பேரும் சொல்ல வராம கூகை மரப்பொந்துல கெடந்து குழறுறது அன்னையிலருந்துதான். முன்னாடி பொறந்ததப் பறிகுடுத்தவ, அடுத்ததக் குப்பையில போட்டு, தவிட்டுக்கு வித்து, கேவலமா ஒரு பேரு வைக்கிறதும் அன்னையிலருந்துதான்.

எனக்கு முன்னாடியும் எங்க வீட்டுல ரெண்டு நல்ல பேரு இருந்துச்சு. என்னையத் தவிட்டுக்கு வாங்குன வீட்டுலயும் ஒரு பிள்ளை இருந்துச்சாம். அது என்ன ஆச்சுன்னு நான் கேட்டதில்ல. கேக்கவும் மாட்டேன்.