அடித்தல் இல்லாத நோட்டு

"இது ஏழாவது தடவை, மேடம். கையெழுத்துப் போட உங்களுக்கு ஏன் மனசு வரலை?"

தெய்வசிகாமணி ஆய்வு நோட்டை மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் ஒரு விரலை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பாலிடெக்னிக் வாத்தியார். வேலைக்கு நடுவே ஆறு வருட ஆராய்ச்சி. ஆய்வகத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'பென்ஷன் ஸ்காலர்'.

வழிகாட்டி வேதவல்லிக்கு முப்பத்தெட்டு. அவருடைய கையெழுத்து இந்த மாதத்துக்குள் விழாவிட்டால், ஆறு வருடமும் நீர்மேல் எழுத்துதான்.

வேதவல்லி நோட்டைத் திறக்கவில்லை.

"என்ன செஞ்சீங்க, சொல்லுங்க சார்."

"நாற்பது கண்ணாடித் தகடு. இருபது வெறும் கண்ணாடி. மீதி இருபதுக்குத் தண்ணி ஒட்டாத பூச்சு, மெழுகு மாதிரி. நாற்பதுக்கும் மேல ஒரே கரி ஏடு, ஒத்தை அணு கனம். அதுக்கு மேல ஒரு சொட்டு தண்ணி. சொட்டோட ஓரம் எத்தனை டிகிரியில நிக்குதுன்னு அளந்தேன்."

"எப்படி நின்னுது?"

"தண்ணி தொடுறது கரியைத்தானே? அடியில எது இருந்தா அதுக்கென்ன? நாற்பதும் ஒண்ணுதான். எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டு."

"ம்."

வேதவல்லி எழுந்து போய் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். அதில் ஆறு தகடுகள்.

"உங்க தகடுதான். நம்பரை அழிச்சு, முதுகுல கறுப்பு அடிச்சிருக்கேன். ஒரு சொட்டு வைங்க."

வைத்தார். சொட்டு தட்டையாகப் பரவியது.

"அடியில என்ன?"

"கண்ணாடி."

"அடுத்தது."

சொட்டு முத்தாக நின்றது.

"பூச்சு."

மூன்று, பூச்சு. நான்கு, கண்ணாடி. ஐந்து, கண்ணாடி. ஆறு, பூச்சு.

வேதவல்லி கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"ஆறும் சரி. பலே சார்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்தது.

"இது ஒரு வித்தையா மேடம்? ஆறு வருஷமா பார்க்கிறேன். சொட்டு உட்காருற தினுசே அடியில இருக்கிறதைக் காட்டிக் கொடுத்துடும். ஏடு அவ்வளவு மெல்லிசு..."

பேச்சு அறுந்தது.

வேதவல்லி ஆறாவது சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெய்வசிகாமணி நோட்டைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். நாற்பது வரிகள். அச்சுக் கோத்தது போன்ற எழுத்து. எங்கேயும் ஓர் அடித்தல் இல்லை.

"பொய் எழுதணும்னு இல்லை, மேடம். ரெண்டும் ரெண்டு மாதிரி வந்ததும், என் கைதான் சரியில்லைன்னு நினைச்சேன். கையோட குத்தத்தை நோட்டுல எதுக்கு ஏத்தணும்னு..."

"தெரியும்."

"எப்பத்திலிருந்து?"

"முதல் தடவை நோட்டைப் பார்த்ததுமே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"ஆறு வருஷமா சொட்டு சொல்லிக்கிட்டிருக்கு. அது சொல்லியே நீங்க கேக்கலை. நான் சொல்லியா கேக்கப் போறீங்க?"

தெய்வசிகாமணி தலை குனிந்தார்.

"முதல்ல அளந்த கணக்கு இருக்கா சார்? கிழிச்சுப் போட்டுட்டீங்களா?"

அவர் சாப்பாட்டுப் பையை எடுத்தார். டப்பாவுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், நாற்பது சீட்டுகள் வரிசை குலையாமல் இருந்தன.

முதல் சீட்டு: வெறும் கண்ணாடி, முப்பத்தொன்று.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோட்டில் எழுதிய எண்ணை யாரும் அழிக்கக் கூடாது. பழைய எண் கண்ணுக்குத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும்.

தெய்வசிகாமணி எழுபத்தொன்றின்மேல் கோடு போட்டார். கோடு வளைந்துவிட்டது. பக்கத்தில் முப்பத்தொன்று என்று எழுதினார்.

வேதவல்லி பேனாவைத் திறந்தார். அந்த அடித்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இன்னும் முப்பத்தொன்பது, சார்."